தண்ணி மாத்திரை

நவம்பர் 3
எடை 62

இது அத்தானுக்கு வாங்கிய டைரி. தினமும் காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, காப்பி குடிக்கும் முன்னால் எடை பார்த்து இதில் எழுத வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. இரண்டு நாள் எழுதினார். மூன்றாம் நாள், "காலங்காத்தால கோழிக்கடையில தராசுல ஏறின மாதிரி இருக்கு வடிவு" என்று பேனாவை என்னிடம் நீட்டிவிட்டார். கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து இந்த வீட்டில் எல்லாப் பேனாவும் கடைசியில் என் கைக்குத்தான் வரும். ஒரு எண்ணுக்கு ஒரு பக்கமா? மிச்ச இடத்தில் என் பாட்டை எழுதிக்கொள்கிறேன்.

போன வருஷம் மாரடைப்பு வந்து போனதிலிருந்து அத்தானின் இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளத் தெம்பில்லை. அதனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். காலில், வயிற்றில், கடைசியில் நெஞ்சில். அதை வெளியே தள்ளத்தான் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் தண்ணி மாத்திரை. காலையில் விழுங்கினால் மத்தியானம் வரை பாத்ரூமுக்கும் நாற்காலிக்குமாக நடைதான். உப்பைக் குறைக்க வேண்டும். தண்ணீர், காப்பி, ரசம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டர். எடை திடீரென்று ஏறினால் போன் செய்ய வேண்டும். மின்சார வாரியத்தில் கம்பம் கம்பமாக ஏறி இறங்கிய மனுஷன், ஒரு டம்ளர் மோருக்கு என் முகத்தைப் பார்க்கிறார்.

நாளை வல்லியைப் பெண் பார்க்க நாகர்கோவிலில் இருந்து வருகிறார்கள். ஒரே மகள், இருபத்தொன்பது முடிகிறது. ஆவணியில் கோவில்பட்டி இடம் கூடி வந்து, தரகர் வாயால் அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த கதை வெளியே போனதும், "பிள்ளைக்கும் அந்த நோவு வராதுன்னு என்ன நிச்சயம்" என்று கழன்றுகொண்டார்கள். மறுநாள் வல்லி வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போய்க் கணக்குப் பாடம் நடத்திவிட்டு வந்தாள். ஆனால் ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நிற்கவில்லை. அதை நான்தான் பார்த்தேன். இந்தத் தடவை யார் வாயையும் நம்பப் போவதில்லை.

நவம்பர் 4
எடை பார்க்கவில்லை. மெஷின் கட்டிலுக்கு அடியில்.

காலையில் முதல் வேலையாக மாத்திரை டப்பாவை ஷோகேஸில் இருந்து எடுத்து அரிசி டிரம்முக்குள் வைத்தேன். வல்லியைப் பூஜை அறைக்குள் கூப்பிட்டு, "அப்பா விஷயம் உன் வாயில இருந்து வரக்கூடாது. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்றேன். "கேட்டா என்னம்மா சொல்ல?" என்றாள். "கேக்க மாட்டாங்க." கையை என் தலையில் வைத்தாள். கை கனமாக இருந்தது.

தண்ணி மாத்திரை கொடுக்கவில்லை. பெண்ணைப் பெற்றவர் சபையில் உட்காராமல் நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு நாள்தானே.

வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் கைலாஷ். பையன் அடக்கம். அப்பா இல்லை. அம்மா மங்கையர்க்கரசிதான் எல்லாம். பேச்சுக் குறைவு, கண் ஜாஸ்தி. கேசரி, மிக்சர், காப்பி. அத்தான் தட்டைத் தொடாமல் இருந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். எடுத்துச் சாப்பிட்டார். நன்றாகத்தான் சாப்பிட்டார்.

போகும்போது பையன் வல்லியின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டான். முருகா, உனக்கு ஒரு செவ்வாய்க்கிழமை விரதம்.

நவம்பர் 5
எடை 63

கேசரி எடை. மாத்திரை கொடுத்தாச்சு.

நவம்பர் 12
எடை 62

சம்மதம் என்று போன் வந்துவிட்டது. வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறார்கள். வல்லி தினமும் மொட்டை மாடியில் போனும் கையுமாக நடக்கிறாள். அப்படி என்னதான் பேசுவார்களோ!

நவம்பர் 16
எடை பார்க்கவில்லை.

நாகர்கோவில் போய் வந்தோம். வயிறு எரிகிறது. எழுதினால்தான் ஆறும்.

கார்ப் பயணம் என்பதால் காலையில் மாத்திரை இல்லை. வழியில் எங்கே நிறுத்த? அவர்கள் வீடு பெரிய வீடு. ஹாலில் தேக்கு சோபா. மங்கையர்க்கரசி என் தம்பியை, தம்பி பெண்டாட்டியை, என்னை எல்லாம் அதில் உட்காரச் சொன்னாள். அத்தானை மட்டும், "அண்ணாச்சி, இங்க வாங்க, இங்கதான் காத்து வரும்" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். எங்கே? பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில்! பெண்ணைப் பெற்ற மனுஷனுக்குக் கக்கூஸ் வாசலில் ஆசனம். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்தது பந்தி. முதலில் இலை முனையில் உப்பு வைத்துக்கொண்டே வந்தாள். எல்லா இலைக்கும் வைத்தாள். அத்தான் இலையைத் தாண்டிப் போனாள். நாரத்தங்காய் ஊறுகாய், தாண்டிப் போனாள். அப்பளம், அதுவும் தாண்டிற்று. சாம்பாரிலும் கூட்டிலும் உப்பு மட்டு. எல்லோரும் இலையில் இருந்த உப்பைத் தொட்டுத் தொட்டுத்தான் சாப்பிட்டார்கள். அத்தான் மட்டும் சப்பென்ற சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். பந்தியில் ஒருத்தர் இலைக்கு ஒன்று, இன்னொருத்தர் இலைக்கு ஒன்றா? வேலைக்காரனுக்குக்கூட இப்படிப் பரிமாற மாட்டார்கள்.

நான் எழுந்தேன். உப்புக் கிண்ணத்தை எடுத்து அத்தான் இலையில் ஒரு கை வைத்தேன். ஊறுகாயை இரண்டு கரண்டி வைத்தேன். அப்பளம் இரண்டு. "எங்க வீட்ல அவங்களுக்கு எல்லாத்துலயும் உப்பு தூக்கலா இருக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். மங்கையர்க்கரசி கையில் ரசப் பாத்திரத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். "மதினி…" என்றாள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? குட்டு வெளிப்பட்டுப் போச்சே.

அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது காரில், "இந்த வீட்டுக்குப் பொண்ணைக் குடுக்கணுமா?" என்று கேட்டேன். "நல்ல வீடு வடிவு" என்றார். இவருக்கு மானம் ரோஷம் எல்லாம் மாரடைப்போடு போய்விட்டது போலிருக்கிறது.

நவம்பர் 17
எடை 64

பயணத்தில் உடம்பு போடுவது சகஜம்தான்.

நவம்பர் 30
எடை 63

வெள்ளிக்கிழமை நிச்சயதாம்பூலம். ஜவுளி, பூ, தட்டு என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். மாத்திரையை நான் எடுத்துக் கையில் வைத்தால் விழுங்குவார். நான் மறந்தால் அவரும் மறந்தார். குழந்தை மாதிரி. இந்த வாரம் இரண்டு மூன்று நாள் மறந்துவிட்டேன்.

டிசம்பர் 5
எடை 65

நிச்சயம் முடிந்தது.

இன்றைக்கு ஒன்று எழுதியே ஆக வேண்டும். அத்தான் என்ன அழகு! மாரடைப்புக்கு அப்புறம் கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கி, பார்த்தாலே நோயாளி என்று தெரியும். கல்யாணத்தில் எங்கள் அப்பா போட்ட பவழ மோதிரம் விரலில் நிற்காமல் பீரோவில் கிடந்தது. இன்றைக்கு எடுத்துப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. முகம் பூசினாற்போல் இருக்கிறது. பெரிய மதினி, "என்ன வடிவு, தம்பி முகம் தெளிஞ்சுட்டே! என்ன குடுக்க?" என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோவில்பட்டிக்காரர்கள் வந்து பார்க்கட்டும்.

மங்கையர்க்கரசி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் அத்தான் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேட்டிக் கரை மட்டமோ என்னவோ.

டிசம்பர் 17
எடை 65

மார்கழி பிறந்தாச்சு. இனி தை வரைக்கும் விசேஷம் கிடையாது. ஒழுங்காக மாத்திரை கொடுக்கப் போகிறேன். உப்பில்லாத பத்தியமும்தான்.

டிசம்பர் 22
எடை 62

வற்றிவிட்டார். கன்னம் மறுபடி குழி. மோதிரம் சுழல்கிறது. பால் வாங்க வந்த எதிர்வீட்டு அக்கா, "அண்ணன் ஏன் இப்படி வாடிப்போயிட்டாங்க? மறுபடியும் முடியலையா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். மண்டபத்தில் ஐந்நூறு பேர் முன்னால் இந்த முகத்தோடா நிற்கப் போகிறார்? அத்தனை வாயையும் எப்படி அடைக்க?

டிசம்பர் 24

கல்யாணம் வரைக்கும் ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறேன். பாத்ரூம் நடையாவது பாதியாகக் குறையும்.

அத்தானிடம் சொன்னேன். "நீ பாத்துச் செய்" என்றார்.

ஜனவரி 4
எடை 65

இன்று டாக்டரிடம் போக வேண்டிய தேதி. கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிவைத்தேன். போனால் எடையைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடுவார். அவருக்கென்ன, அவர் வீட்டிலா பெண் இருக்கிறது?

ஜனவரி 19
எடை 67. மெஷின் கோளாறு என்று நினைக்கிறேன். பழைய மெஷின்.

பத்திரிகை வைக்க ஆரம்பித்துவிட்டோம். சொந்தக்காரர் வீட்டுக்குப் புருஷன் பெண்டாட்டி ஜோடியாகப் போய்த்தான் வைக்க வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பத்திரிகை. உட்கார்ந்ததும் காப்பி வந்துவிடும். குடிக்காமல் எழுந்தால், "எங்க வீட்டுக் காப்பி இறங்காதோ?" என்று கல்யாணத்துக்கே வரமாட்டார்கள். காலையில் இருந்து பொழுது சாய்வதற்குள் எத்தனை வீடு, எத்தனை காப்பி! போகிற வீட்டில் எல்லாம் பாத்ரூம் எங்கே என்று கேட்க முடியுமா? ஆகையால் தண்ணி மாத்திரை அடியோடு நிறுத்தம். மற்ற மாத்திரைகளைக் கொடுத்தேன், ஞாபகம் இருந்த மட்டும்.

அத்தான் மாடிப்படிகளில் நின்று நின்று ஏறுகிறார். "வீட்டைக் கட்டுதானுவளா, கோபுரத்தைக் கட்டுதானுவளா" என்று படி ஏறும்போதே கேலி. மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் கேலி என்று எனக்குத் தெரியாதா? தெரியும்.

ஜனவரி 23
எடை பார்க்கவில்லை.

மாப்பிள்ளை போன் செய்தார். "அத்தை, மாமாவை அலைய விடாதீங்க. மிச்சப் பத்திரிகையை நானும் வல்லியும் போன்லயே சொல்லிக்கிடுதோம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றார்.

தாலி கட்டும் முன்னாலேயே எங்களை ஒதுக்கப் பார்க்கிறார்! "அது எங்க கடமை மாப்ள" என்று வெட்டிவிட்டேன்.

ஜனவரி 27

அத்தானின் செருப்பு நுழையவில்லை. கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. "ஏ வடிவு, இங்க பாரு, பூரி மாவு" என்று காட்டிச் சிரித்தார். நடந்த வீக்கம்தான். பெரிய சைஸ் செருப்பு வாங்கினேன், கல்யாணத்துக்கு ஆகும்.

இரண்டு தலையணை போதவில்லை என்கிறார். சோபாவில் சாய்ந்தபடி தூங்குகிறார்.

ஜனவரி 31

வல்லி ஏதோ சொல்ல வந்தாள். "அம்மா, நான் உன்கிட்ட ஒண்ணு…" என்றாள். அதற்குள் நாதஸ்வரக்காரர் போன். அப்புறம் கேட்டேன், "ஒண்ணுமில்ல. உனக்கு உடம்புக்கு ஒண்ணும் செய்யலையே?" என்றாள். "எனக்கென்ன, நான் நல்லா இருக்கேன்" என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். கல்யாணப் பெண்ணுக்குக் கிறுக்கு.

பிப்ரவரி 5

முடிந்தது. என் மகள் கழுத்தில் தாலி ஏறிவிட்டது.

அங்கேயும் ஒரு சில்லறைத்தனம். தாரை வார்க்கும் நேரம் மங்கையர்க்கரசி ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினாள். "அண்ணாச்சி கீழ உக்கார வேண்டாம், இதுல உக்காரட்டும்." ஐந்நூறு பேர் பார்க்கிறார்கள். "மணையில உக்காராம தாரை வார்க்கிற பழக்கம் எங்க பக்கம் இல்ல மதினி" என்றேன். ஸ்டூலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

அத்தான் மணையில் உட்கார்ந்தார். செம்பு கையில் ஆடிற்று, நான் கீழே கை கொடுத்தேன். வல்லியின் கையை அவர் கையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். அத்தான் உதடு நீலமாக இருந்தது. வெற்றிலை போட்ட உதடு என்று நினைத்தேன். அவர் வெற்றிலை போடவில்லை.

எழுந்திருக்க முடியவில்லை. மாப்பிள்ளை மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து இரண்டு கையாலும் தூக்கினார்.

எல்லோரும் சொன்னார்கள், அண்ணாச்சி ராஜா மாதிரி இருந்தாங்க என்று.

பிப்ரவரி 6

ஆஸ்பத்திரி.

பிப்ரவரி 8

இரண்டு நாள் எழுத முடியவில்லை. எழுதினால் ஆறும் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். ஆறாது.

மறுவீட்டுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் மறுவீட்டுக்குச் சொதிச் சாப்பாடுதான். தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தேன். சம்பந்தியம்மாவும் வந்து, நான் வேண்டாம் என்றும் கேட்காமல் இஞ்சி துருவிக்கொண்டிருந்தாள். சோபாவில் அத்தான் மூச்சு சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. போய்ப் பார்த்தால், பேச வரவில்லை. வாயோரம் நுரை. கையால் ஜன்னலைக் காட்டினார், காற்று வேண்டும் என்று. மாப்பிள்ளைதான் தூக்கிக் காரில் வைத்தார்.

அவசரப் பிரிவில் அந்தப் பவழ மோதிரத்தைக் கழற்ற வரவில்லை. சோப்பு போட்டார்கள், நூல் சுற்றினார்கள், வரவில்லை. கட்டரால் வெட்டி எடுத்தார்கள். இரண்டாக வளைந்த தங்கத்தை ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார்கள்.

சின்ன வயசு லேடி டாக்டர். "நுரையீரல் முழுக்க நீர் கோத்திருக்கு. நீர் மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களாம்மா? எப்ப இருந்து விட்டுப்போச்சு? எவ்வளவு மருந்து ஏத்தணும்னு நான் முடிவு பண்ணணும். சரியாச் சொல்லுங்க" என்று கேட்டாள்.

பக்கத்தில் மாப்பிள்ளை நிற்கிறார். சம்பந்தியம்மா நிற்கிறாள். கட்டிலில் அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறார். நான் சொன்னேன்:

"மாத்திரையா? அவங்களுக்கு அப்படி ஒண்ணும் மாத்திரை கிடையாதே. கல்யாண அலைச்சல்."

என் வாய் சொல்லிற்று. இதை வேறு யாரோ சொன்னதாக எழுத முடியாது.

மாப்பிள்ளை என் தோளைத் தொட்டார். "அத்தை, சொல்லிருங்க. எங்களுக்குத் தெரியும். வல்லி முதல் நாளே எங்கிட்ட சொல்லிட்டா. அம்மாவுக்கும் அப்பமே தெரியும்." என்னை விட்டுவிட்டு டாக்டர் பக்கம் திரும்பி, மாத்திரை பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வருஷம் மாரடைப்பு, எல்லாவற்றையும் அவரே சொன்னார். எப்போது நிறுத்தியது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அதை நான் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 9

ஆஸ்பத்திரி வராந்தா. பிளாஸ்க்கில் காப்பியோடு சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான்தான் ஆரம்பித்தேன்.

"தெரிஞ்சும் ஏன் மதினி ஒரு வார்த்தை கேக்கல?"

"நீங்க மறைக்கணும்னு நினைச்சிய. பொண்ணைப் பெத்தவங்க மறைக்கிறத நாம கிண்டிக் கேட்டா, குத்திக்காட்டுன மாதிரி ஆயிரும்லா? நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். வீட்டுக்கு வந்தப்ப அண்ணாச்சிக்கு எழுந்து போக வசதியா இருக்கட்டும்னு நாற்காலிய அங்க போட்டேன். சமையல்லயே உப்பக் குறைச்சேன், அவங்களுக்கு மட்டும் தனியா ஆக்கினா நாலு பேருக்குத் தெரிஞ்சிருமேன்னு. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் மதினி, இதே மாத்திரையிலதான் ஏழெட்டு வருஷம் இருந்தாங்க. எனக்கு அந்தக் கால் வீக்கத்தப் பாத்தாலே தெரியும்."

காப்பியை ஊற்றி என் கையில் கொடுத்தாள். "அன்னைக்கு நீங்க உப்பை அள்ளி வச்சப்ப, கையைப் புடிச்சிருக்கணும். புடிக்காம விட்டுட்டேன்" என்று அழுதாள். அவள் அழுகிறாள்! அவள் மேல் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இவ்வளவு நல்லவளாக இருக்க வேண்டாம். கொஞ்சம் கெட்டவளாக இருந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால் என் புருஷன் நெஞ்சில் நீர் ஏறியிருக்காது.

பிப்ரவரி 10

வல்லி என்னோடு பேசாமலே இருந்தாள். புதுத்தாலி, மஞ்சள் வாசம், கசங்கிய நைட்டி. தேனிலவுக்கு மூணாறு போக வேண்டிய பிள்ளை ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்துக் கிடக்கிறது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா, அவங்களுக்குத் தெரியும்னு" என்றேன்.

"உன் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினியேம்மா. மீறிட்டேன்னு எப்படிச் சொல்ல? சத்தியத்தை மீறினதுக்கு உனக்கு ஏதாவது ஆயிருமோன்னு மூணு மாசமா பயந்துட்டே கெடந்தேன். உன்னையே பாத்துட்டு இருந்தேன். அப்பாவைப் பாக்கல."

பிப்ரவரி 15
எடை 60. ஆஸ்பத்திரி மெஷினில்.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதயம் முன்னைவிட இன்னும் தளர்ந்துவிட்டதாம். இழந்தது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், ஒரு நாள்கூட மாத்திரை தப்பக்கூடாது என்றார்கள். பாத்ரூமுக்கு நடந்தாலே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். நர்ஸ் அவரிடமே மாத்திரை அட்டைகளைக் காட்டி, எது எதற்கு என்று விளக்கினாள். "எல்லாம் இவளுக்குத் தெரியும்" என்று என்னைக் கை காட்டினார்.

பிப்ரவரி 18
எடை 60

இன்றைக்குக் கேட்டுவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. வல்லி நாகர்கோவில் போயாச்சு.

"அத்தான், அவங்களுக்குத் தெரியும்ங்கது உங்களுக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்பம் இருந்து?"

"அன்னைக்கே. நீ உப்பு வச்சப்ப அந்தம்மா முகம் போன போக்கைப் பாத்தேன். என் இலைக்கு மட்டும் ஏன் வைக்கலைன்னு அப்பமே புரிஞ்சுட்டு."

"பின்ன ஏன் அதைச் சாப்பிட்டிய?"

கொஞ்ச நேரம் மூச்சு சேர்த்துக்கொண்டு சொன்னார்:

"நீ வச்சியே வடிவு."

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னார்.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்லா. எனக்காகவா மாத்திரை இல்லாம அலைஞ்சிய?"

"சொன்னா நீ அவங்க முகத்துல எப்படி முழிப்ப? நாலு பேர் முன்னால நீ தலை குனிஞ்சா எனக்குப் பாக்க முடியுமா? கல்யாணம் வரைக்கும்தானேன்னு நெனச்சேன்."

போய் அடுப்படியில் நின்றுகொண்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 21
எடை 60

மங்கை மதினி பஸ்ஸில் ஆள் மூலம் சொதி கொடுத்தனுப்பியிருக்கிறாள், நின்றுபோன மறுவீட்டுச் சாப்பாட்டுக்குப் பதிலாக. உப்பு போடாத சொதி. தனியாக எனக்கென்று உப்பு போட்டது ஒரு தூக்கு. நான் அதைத் திறக்கவில்லை. அத்தானுடையதிலேயே இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 24
எடை 60

மாத்திரைகளை மறுபடி ஷோகேஸில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டேன். அட்டை மேலே காலை, மத்தியானம், ராத்திரி என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி அவரிடம் படிக்கச் சொன்னேன். "நீங்களே எடுத்துப் போட்டுக்கோங்க அத்தான். நான் எடுத்துத் தர மாட்டேன். என் கையை நம்பாதிய" என்றேன். சரி என்றார். பத்து மணி வரை எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பிப்ரவரி 27
எடை 60

இன்றைக்கு ஒரு காரியம் செய்தேன்.

காலை மாத்திரைகளைப் பிரித்து, தண்ணி மாத்திரையை மட்டும் என் முந்தானையில் முடிந்துகொண்டேன். மிச்சத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். கேட்கட்டும், பார்க்கட்டும், "வெள்ளை மாத்திரை எங்க வடிவு?" என்று ஒரு வார்த்தை வரட்டும் என்று நின்றேன். ஒரே ஒரு தடவை என்னைச் சந்தேகப்பட்டுவிட்டால் போதும், நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

அவர் கையை விரித்தார். உள்ளங்கையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தபடி வாயில் போட்டு, அளந்து வைத்த தண்ணீரில் ஒரு வாய் குடித்து விழுங்கினார். "காப்பி?" என்றார்.

முடிச்சை அவிழ்த்தேன். மாத்திரை நழுவித் தரையில் உருண்டது. தேடி எடுத்துத் துடைத்து நீட்டினேன். அது என்ன, ஏன் தனியாக வருகிறது என்று கேட்கவில்லை. அதையும் விழுங்கினார்.